பக்கத்து புளோக் தங்கைக்கு நான் எவ்வளவு தூரம் துணை நிற்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 34, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன் பிறந்தபோது எனக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வந்தது. மருந்து, ஆலோசனை என்று ஏழெட்டு மாதம் போராடி மீண்டேன். இப்போது பக்கத்து புளோக்கில் ஒரு பெண், வயது 26, தஞ்சாவூர்ப் பக்கம். கணவருக்கு ஐடி வேலை, இவள் டிபெண்டன்ட் பாஸில், அதாவது இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் அனுமதியில் வந்தவள். குழந்தைக்கு ஏழு வாரம். கூட இருந்த அம்மா விசிட் பாஸ் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஒரு நாள் லிஃப்டில் அழுதுகொண்டு நின்றாள். அன்றிலிருந்து பேசுகிறோம். “நான் நல்ல அம்மா இல்லைக்கா” என்று அழுகிறாள். சில நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கும் போன் வரும். வீடு பதினோராவது மாடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போகவே பயமாக இருக்கிறதாம். டாக்டர் வேண்டாம், கணவருக்கும் தெரிய வேண்டாம், “நீங்க இருந்தா போதும்” என்கிறாள். என் கணவரோ, “உனக்கே திரும்ப வந்துடும், விடு” என்கிறார். மாமியார், “நம்ம வீட்டுக் கதையை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்கிறார். நான் செய்வது சரியா? என் கதையை எவ்வளவு சொல்லலாம்? அவள் சொன்னதை ரகசியமாக வைத்துக்கொள்ளலாமா? போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நடுவே ஒரு வரியாக வந்துபோகும் அந்த ஜன்னலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதம் வந்த அன்றே இதைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சுருக்கமாக எழுதியிருந்தேன். இதே நிலையில் வேறு யாராவது இருக்கலாம் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது, கீழே போட்டுவிடுவோமோ, குளிப்பாட்டும்போது தண்ணீரில் நழுவ விட்டுவிடுவோமோ, காய் நறுக்கும் கத்தி பட்டுவிடுமோ என்று திடீரென ஒரு காட்சி மனதில் வந்து போவது புதிதாகப் பெற்றவர்களிடம் நிறையவே உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்தக் காட்சி வந்ததுமே அந்தத் தாய் நடுங்கிப்போகிறாள். ஜன்னலைச் சாத்துகிறாள், கத்தியை எடுத்து மேல் அலமாரியில் வைக்கிறாள், குழந்தையோடு தனியாக இருக்கவே அஞ்சுகிறாள். எண்ணம் அவளுக்குப் பிடிக்காதது, அவள் விரும்பாதது. அதனால்தான் இவ்வளவு பயம். பெரும்பாலும் இது மனப்பதற்றத்தின் வேலை. சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

ஆனால் இதே ஜன்னல் பேச்சுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் தீவிர மனநோய் அது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தலைகாட்டும், சிலருக்குப் பிந்தியும் வரலாம். தூக்கமே இல்லாமல் போகும், ஆனாலும் களைப்புத் தெரியாது. பேச்சு தறிகெட்டு ஓடும். காதில் குரல் கேட்கும். குழந்தையிடம் ஏதோ தெய்வ சக்தியோ தீய சக்தியோ இருக்கிறது என்று உறுதியாக நம்புவாள். காலையில் ஒரு மாதிரி, மதியம் வேறு மாதிரி இருப்பாள். காட்சியைக் கண்டு அவள் பயப்பட மாட்டாள், அதில் நியாயம் இருப்பதாக அவளுக்குப் படும். இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ஊர்ப் பக்கத்திலிருந்து போனில் “காத்துக் கருப்பு ஏதாவது பட்டிருக்கும், கயிறு மந்திரிச்சு அனுப்புறோம்” என்பார்கள். கயிறு வரட்டும், கட்டிக்கொள்ளட்டும். அது வந்து சேரும்வரை மருத்துவமனை காத்திருக்கக் கூடாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் தங்கை முதல் வகையாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் இல்லை, கடிதத்தை மட்டும் பார்த்திருக்கிற நானும் இல்லை. இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் அவளை நேரில் பார்த்தாக வேண்டும். நீங்கள் கேட்டிருக்கும் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நேரில் போகும்போது ஒன்றை அவளிடம் கேட்டுவிடுங்கள். செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறதா என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய. அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல், குரலை மாற்றாமல், “எனக்கு அப்போ சில நாள் இருக்கவே வேண்டாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?” என்று கேளுங்கள். உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் மட்டும் முதல் வரியைச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேள்வியை மட்டும் கேளுங்கள், போதும். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. கணவரை வரவழையுங்கள். உடனடி ஆபத்து என்று பட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. மனநலக் கழகத்தில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் பெண்களுக்கான அவசரப் பிரிவு இரவு பகல் இயங்குகிறது. பேச ஆள் வேண்டும் என்றால் எந்த நேரத்திலும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. இந்த எண்களை உங்கள் போனிலும் அவள் போனிலும் பதிந்துவையுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நீங்கள் செய்வது சரியா? சரிதான். உங்களை அறியாமலே நீங்கள் செய்துகொண்டிருப்பதற்கு ‘சக ஆதரவு’ என்று எங்கள் துறையில் பெயர். அதே கஷ்டத்தைக் கடந்து வந்த ஒருவர், இப்போது அதில் இருக்கும் ஒருவருக்குத் துணையாக நிற்பது. ஏதோ நல்ல மனசுக்காரர்கள் செய்யும் புண்ணியம் என்று மட்டும் இதை நினைக்காதீர்கள், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் 700 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2009இல் முடிவு வெளியானது. எல்லோரும் பிரசவமாகி இரண்டு வாரத்திலேயே மனச்சோர்வு வரக்கூடும் என்று கண்டறியப்பட்டவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு, முன்பு மனச்சோர்வில் இருந்து மீண்ட இன்னொரு தாய் போனில் பேசித் துணை நின்றார். பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. துணை கிடைத்தவர்களில் 14 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. அந்தத் துணைத் தாய்மார்களுக்குக் கொடுத்த பயிற்சி எவ்வளவு தெரியுமா? நாலு மணி நேரம்.

இங்கேயும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தாதிமைத் துறையைச் சேர்ந்த ஷெஃபாலி ஷோரே குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். 138 தாய்மார்கள். பிரசவத்துக்குப் பின் நான்கு வாரம், மீண்டு வந்த ஒரு தாய் போனிலும் குறுஞ்செய்தியிலும் தொடர்பில் இருந்தார். மூன்றாவது மாதத்தில் துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது. இந்தியாவில் கோவாவிலும் அக்கம்பக்கத்துப் பெண்களையே பயிற்றுவித்து, கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். இந்த ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒரு தாய்க்கு இது வருகிறது. அந்தப் பத்தில் ஒருத்தி தனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறாள். மாமியாரிடம் சொன்னால், “நாங்க எல்லாம் நாலு பெத்தோம்” என்பார். அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவார். தாதியிடம் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். லிஃப்டில் பார்த்த ஓர் அக்கா, அவளும் தமிழ் பேசுகிறவள், அவளும் பெற்றவள், “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்போ சரியாயிட்டேன்” என்று சொன்னால் அதற்கு இருக்கும் மதிப்பு வேறு. என்னால் அந்த வரியைச் சொல்ல முடியாது. படித்துத்தான் எனக்கு இது தெரியும்.

ஆனால் உங்களால் முடியாததும் இருக்கிறது. அவளுக்கு நீங்கள் மருத்துவர் இல்லை, ஆலோசகர் இல்லை, அம்மாவுக்கு மாற்றும் இல்லை. “நீங்க இருந்தா போதும்” என்று அவள் சொல்வதை அன்பாக எடுத்துக்கொள்ளுங்கள், வேலைப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்ன ஆய்வுகளிலும் அந்தத் துணை, மருத்துவக் கவனிப்போடு சேர்த்துத்தான் கிடைத்தது.

ரகசியத்துக்கு வருவோம். உங்களை அதிகமாகச் சங்கடப்படுத்துவது இதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீ சொல்றதை நான் வம்பு பேச மாட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ பாப்பா உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா, அப்போ சொல்லுவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” முகம் சுருங்கும். ஓரிரு நாள் போன் வராமல்கூட இருக்கலாம், அப்போது நீங்களே கூப்பிடுங்கள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் தாய்மார்கள் முதலில் தயங்குவது இந்த இடத்தில்தான். வரையறை தெரிந்த பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையும் அவர்களே வந்து சொல்வார்கள்.

கணவரிடம் அவளே சொல்வதுதான் நல்லது. முடியவில்லை என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். இதற்குப் பெரிய பேச்சு வேண்டாம். “எனக்கு ரெண்டு வாரத்துக்கு மேல மனசு சரியில்லை, தூக்கம் வரலை, டாக்டரைப் பார்க்கணும், கூட வாங்க” என்ற அளவு போதும். ஜன்னல் விஷயத்தை மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளட்டும். முதல் நாளே அதைக் கேட்டால் கணவர் பயந்துபோய் தஞ்சாவூருக்கு டிக்கெட் போட்டுவிடலாம். ஊருக்குப் போவது சில சமயம் நல்ல முடிவாகவும் இருக்கும், ஆனால் மருத்துவர் பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய ஒன்று அது. அந்தப் பையனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அரசாங்கம் தரும் நான்கு வாரத் தந்தையர் விடுப்பு, குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால்தான் கிடைக்கும். இவர்களுக்கு அது கிடையாது. ஆண்டு விடுப்பிலிருந்து எடுத்திருப்பார், அது பிரசவத்தோடு தீர்ந்திருக்கும். காலையில் போய் இரவு வருகிற ஆளுக்கு, பகலில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம்.

மருத்துவரிடம் எப்படிக் கூட்டிப் போவது? உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு தானாகவே வருகிறது. குழந்தைக்கு ஏழு வாரம் என்றால் இரண்டாம் மாதத் தடுப்பூசி நெருங்கிவிட்டது. பலதுறை மருந்தகமோ பக்கத்துக் கிளினிக்கோ, எங்கே ஊசி போட்டாலும் அங்கேயே தாயைப் பற்றியும் சொல்லலாம். அதுவரை காத்திருக்க முடியாது என்று பட்டால் பக்கத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரிடம் நாளைக்கே போகலாம். பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு போன் செய்து, பிரசவத்துக்குப் பிந்தைய மனநலப் பிரிவில் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேகேயிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

அங்கே பெரும்பாலும் ஒரு தாளைக் கொடுப்பார்கள். எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987இலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கும். தமிழ் வடிவமும் உண்டு, வேலூரில் தமிழ்த் தாய்மார்களிடம் சோதித்துப் பார்த்தது. ஆங்கிலத் தாளை நீட்டினால் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் தமிழ் தெரிந்த தாதியை அழைக்கச் சொல்லுங்கள். நீங்களே மொழிபெயர்க்க உட்காராதீர்கள். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. பழகிய அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு உண்மையான பதில் சொல்வது கஷ்டம்.

இரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெட்டுப்போனாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்வு, அழுகை, படபடப்பு வரும். மாத்திரை கொடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமே என்று அவள் பயப்படுவாள். இதற்காகவே வர மறுப்பவர்கள் உண்டு. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால், பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் தருகிறார்கள். நீங்கள் மாத்திரை சாப்பிட்டவர் என்பதால் இதைப் பற்றி உங்களிடம் நிறையக் கேட்பாள். உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், அவளுக்கு எந்த மருந்து என்று சொல்லாதீர்கள். மருந்தே இல்லாமல் பேச்சு சிகிச்சையிலேயே சரியாகிறவர்களும் இருக்கிறார்கள்.

செலவு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்களுக்கு அரசாங்க மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான். கணவரின் அலுவலகக் காப்புறுதியில் மனநலச் சிகிச்சை அடங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவச் சமூக ஊழியரிடம் கட்டணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசலாம், அவர்கள் வேலையே அதுதான். இன்னொரு பயமும் உண்டு. மனநல டாக்டரைப் பார்த்தால் கணவரின் வேலைக்கும் பாஸுக்கும் ஆபத்து என்று. மனைவி என்ன சிகிச்சை எடுக்கிறார் என்பதை மருத்துவர் கணவரின் முதலாளிக்கு எழுதிப்போடுவதில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதும் அதே மாதிரிதான். தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்க என்ன செய்யலாம் என்றுதான் இந்தப் பிரிவுகளில் யோசிப்பார்கள்.

உங்கள் கதையை எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டீர்கள். அவளுக்கு உதவுகிற அளவுக்கு. சில வரிகள் போதும், அப்புறம் பேச்சு அவளிடம் திரும்பிவிட வேண்டும். “நீயாவது பரவாயில்லை, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா” என்று ஆரம்பித்தால் அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. மாமியாரோடு நடந்த சண்டை, கணவர் சொன்ன குத்தல் பேச்சு எல்லாம் உங்கள் கதையில் இருக்கலாம், அவை உங்கள் வீட்டோடு இருக்கட்டும். உங்கள் மாமியார் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ‘எனக்கு வந்தது, உதவி கேட்டேன், நாளாச்சு, சரியாச்சு’ என்பது உங்கள் உடம்பின் கதை. அதைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

“நான் நல்ல அம்மா இல்லைக்கா” என்று அவள் அழும்போது என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். “சீச்சீ, அப்படியெல்லாம் இல்லை, உன்னை மாதிரி உண்டா” என்று உடனே வாயை அடைத்துவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அவள் அடுத்து சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து, “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னதாக ஏதாவது இருக்கும். பால் சரியாக இறங்கவில்லை, பவுடர் பால் கொடுக்க வேண்டியதாயிற்று. ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்த அத்தை, “பாப்பா ஏன் இளைச்சிருக்கு” என்று கேட்டுவிட்டார். இப்படி ஏதாவது. இன்னொரு கேள்வி இருக்கிறது, நாங்கள் எல்லோரிடமும் தவறாமல் கேட்பது: “பாப்பா தூங்கும்போது உன்னால தூங்க முடியுதா?” குழந்தை விழித்திருப்பதால் தூங்காமல் இருப்பது எல்லாத் தாய்க்கும் உள்ளது. குழந்தை தூங்கி, வீடு அமைதியாகி, படுத்தும் கண் மூட முடியவில்லை என்றால், அது மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய அறிகுறி.

பேச்சைவிடக் கைவேலை உதவும் நாட்களும் உண்டு. பிள்ளைப்பத்தியம் பார்க்க அம்மா இருந்தவரை பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் கிடைத்திருக்கும், இப்போது ரொட்டியும் டீயுமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் சமைக்கும்போது ஒரு டப்பா கூட எடுத்துவையுங்கள். போனதும், “நீ போய்த் தலைக்கு ஊத்திக்க, நான் பாப்பாவை வச்சுக்கிறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். குளியலறையிலிருந்து வர இருபது நிமிடம் ஆகும், வெளியே வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு பேரும் கீழ்த்தளத்துக்கு இறங்கி ஒரு சுற்று நடங்கள். அந்தக் காலத்தில் வீடு நிறையப் பெண்கள் சூழ்ந்திருந்தார்கள், இதெல்லாம் வரவில்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வந்தது, பெயர் வேறாக இருந்தது. சூழ்ந்திருந்த அந்தப் பெண்களே காரணமாக இருந்ததும் உண்டு. ஆனால் ஏழு வாரக் குழந்தையோடு பகலெல்லாம் ஒருத்தி நாலு சுவருக்குள் தனியாக இருப்பது மட்டும் நம் காலத்துச் சங்கதி.

இனி உங்கள் கணவர் சொல்வது. மனச்சோர்வு கேட்பதால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. ஆனால் ஒருமுறை வந்தவர்களுக்கு, குறிப்பாக அடுத்த பிரசவத்தில், திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. தூக்கம் கெடுவது அதைக் கிளறிவிடும் விஷயங்களில் ஒன்று. அதனால் அந்த ராத்திரி ஒன்றரை மணி போன்தான் எனக்குக் கவலை. இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் போன் அமைதியில் இருக்கட்டும். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள், “ராத்திரி ரொம்ப முடியலைன்னா முதல்ல உன் வீட்டுக்காரரை எழுப்பு, இல்லைன்னா 1767க்கு அடி, காலைல எட்டு மணிக்கு நானே உன்னைக் கூப்பிடுறேன்” என்று. எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும், அது முக்கியம். வாரத்தில் எந்தெந்த நாள் நேரில் போவீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அவளிடம் பேசிவிட்டு வந்த பிறகும் அன்று முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடுகிறதா, அவள் பெயர் போனில் வந்தாலே வயிற்றைப் பிசைகிறதா, உங்கள் பழைய நாட்கள் கனவில் வருகிறதா என்று உங்களையே கவனியுங்கள். அப்படி இருந்தால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். உங்களுக்குச் சிகிச்சை தந்தவரிடம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டும் வாருங்கள். இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தால் இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் ஒருவராகவே சுமக்கவும் வேண்டாம். வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போனால் குடும்ப நிலைமைக்கு என்ன உதவி கிடைக்கும் என்று சொல்வார்கள், நம்மவர்களுக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இருக்கிறது. அவள் புளோக்கிலேயே கைக்குழந்தை வைத்திருக்கும் இன்னொரு பெண் இருக்கலாம், மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் என்ன? ஒரே வயதுக் குழந்தை இருந்தால் அரைகுறை ஆங்கிலத்திலேயே சிநேகிதம் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். தேசிய சமூக சேவை மன்றம் 2016இல் சக ஆதரவு நிபுணர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கானது அது, தாய்மார்களுக்கு மட்டும் உரியதில்லை. உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையிலும் மீண்டு வந்த தாய்மார்களைத் தொண்டூழியர்களாகச் சேர்க்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசும் தாய்மார்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு, எங்களுக்கு ஆள் தேவை. அங்கே சேர்ந்தால் நீங்கள் கேட்டதைப் பகிர்ந்துகொள்ள உங்களுக்கென்று ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். இப்போது உங்களுக்கு இல்லாதது அதுதான்.

கடைசியாக, மகனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு மூன்று முறை வேண்டாம். மூன்று வயதுப் பையன் இருந்தால் உங்கள் கண் பாதி அவன் மேல்தான் இருக்கும், அவளாலும் மனம்விட்டு அழ முடியாது. அப்புறம் ஒரு நாள் கூட்டிப் போங்கள், அவளைக் கேட்டுவிட்டு. “இவன் பொறந்தப்பதான் எனக்கு அப்படி இருந்துச்சு” என்று சொல்லும்போது அவன் சோபா மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தால் அவள் நம்புவாள். அவனுக்குச் சளியோ இருமலோ இருந்தால் மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். அந்தக் குழந்தைக்கு இன்னும் கக்குவான் தடுப்பூசியே போடவில்லை.